சதுர ஓட்டைக் காசு

சல்லடையை இரண்டாவது தடவை ஆட்டியபோது அதற்குள் ஏதோ கிணுங்கியது. அழகுமீனா கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அச்சங்குளத்துக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் அவள் பதினோரு வருஷமாக வெடியுப்பு சலிக்கிறாள். சலிக்கிற அறையில் உலோகச் சத்தம் கேட்கவே கூடாது. வாசலிலேயே வளையலையும் ஊக்கையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே வருவார்கள். செல்போன்கள் ஆபீஸில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். அவள் சல்லடையை மெல்லத் தரையில் இறக்கினாள். திரும்பாமல் பின்னாலேயே நடந்து வாசலுக்கு வந்து போர்மேனைக் கூப்பிட்டாள்.

போர்மேன் பாண்டிச்செல்வத்துக்கு முப்பத்தெட்டு வயது. முன்பு அவன் வேலை பார்த்த ஆலையில் ஒரு நாள் ஓர் அறை ஆட்களோடு வெடித்துப் போய்விட்டது. அன்றைக்கு அவன் லீவில் இருந்தான். அதைப் பற்றி வீட்டில்கூட அவன் பேசுவதில்லை. இங்கே வந்தபிறகு ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

அவன் சல்லடைக்குப் பக்கத்தில் குந்தி, வெள்ளை உப்பை விரலால் விலக்கினான். ஒரு காசு கிடந்தது. ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, பித்தளை நிறம், நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. ஓட்டையில் சிவப்பு நூல் ஒன்று அறுந்து தொங்கியது. ஓட்டையைச் சுற்றி நாலு எழுத்து. சீன எழுத்து என்று மட்டும் தெரிந்தது.

“எந்த மூடையில இருந்து வந்தது?”

“இந்தா, இதுலதான்ணே. தையலு பிரிக்காத மூடை. நான்தான் பிரிச்சேன்.”

முந்தின நாள் சாயங்காலம் புரோக்கர் ஒருவர் மூலமாக வந்த பத்து மூட்டை வெடியுப்பில் அது ஒன்று. சாக்கின் மேல் வடக்கே ஏதோ ஊரின் கம்பெனி பெயர் அச்சாகியிருந்தது. பாண்டிச்செல்வம் உப்பை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தான். வழக்கமாக வருவதைவிடப் பளபளப்பு கூடுதலாக இருப்பதுபோல் தோன்றியது. அல்லது காசைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றுகிறதா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

கலவை அறை வாசலில் ஒச்சப்பன் தயாராக நின்றிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். உப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலப்பது அவர் வேலை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும் என்பதால் ஏழரை மணிக்கே கந்தகத்தை நிறுத்து வைத்திருந்தார். பாண்டிச்செல்வம் அவரை வெளியே வரச் சொல்லி, அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒச்சப்பனுக்குப் பிடிக்கவில்லை. கலக்கிற அளவுக்குத்தான் அவருக்குக் கூலி.

எட்டு மணிக்கு முதலாளி தனுஷ்கோடி வந்தார். தீபாவளிக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. மறுநாள் ஒரு லோடு வடக்கே கிளம்ப வேண்டும். காசை வாங்கிப் பார்த்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இது வாஸ்து காசுப்பா. விருதுநகர் பஜார்ல பேன்சி ஸ்டோருக்கு ஸ்டோரு தொங்குது. பர்ஸுல வச்சா பணம் வரும்னு வாங்குதாக. எவனோ கொண்டுவந்து போட்டிருக்கான்.”

“தையல் பிரிக்காத மூடை அண்ணாச்சி. உள்ள கெடந்திருக்கு.”

“இருக்கட்டுமே. மூடை தைச்சவன் வச்சிருந்திருப்பான்.”

அதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த உப்பு சீனாவிலிருந்து வந்ததாக இருந்தால், சாக்கின் மேல் அச்சடித்திருப்பது பொய். மேலே இருப்பது பொய் என்றால் உள்ளே இருப்பதை எப்படி நம்புவது? உப்பை லேபுக்குக் கொடுத்தால் பதில் வர இரண்டு நாளாகும் என்று பாண்டிச்செல்வத்துக்குத் தெரியும். இரண்டு நாள் கேட்டால் முதலாளி தரமாட்டார் என்பதும் தெரியும். சிவகாசியில் சீன எழுத்துப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் இருப்பதாகவும், காசை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவதாகவும் சொன்னான். தனுஷ்கோடி வாட்சைப் பார்த்தார். பத்து மணி வரைக்கும் டைம் என்றார்.

கிளம்பும்போது அழகுமீனா மட்டும் வாசல்வரை வந்தாள்.

“அண்ணே, நீங்க வாற வரைக்கும் சலிக்கவா, வேண்டாமா?”

“தொடாத. யாரையும் தொடவும் விடாத.”

அச்சங்குளத்திலிருந்து சிவகாசி இருபது கிலோமீட்டருக்கு மேல். எதிரே ஆலை வேன்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காசு சட்டைப் பையில் சாவியோடு உரசிக்கொண்டே வந்தது.

ஜெயச்சந்திரன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இப்போது அச்சகங்களில் மிஷின் பழுது பார்க்கிறான். சீனாவிலிருந்து வரும் கட்டிங் மிஷின்களின் பட்டன் பலகையில் எல்லாமே சீன எழுத்தில் இருப்பதால், தட்டித் தடவி நூறு நூற்றைம்பது எழுத்து கற்றுவைத்திருந்தான். பாண்டிச்செல்வம் போனபோது அவன் ஒரு காலண்டர் அச்சகத்தில், மிஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். காசைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான்.

செல்போனைக் காசுக்கு மேல் பிடித்தான். மொழிபெயர்க்கிற ஆப் ஏதோ பிதற்றியது. காசைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தான். இன்னும் கொஞ்சம் திருப்பினான். நாலு எழுத்தில் எது முதல் எழுத்து என்று பிடிபட்டதும் முகம் தெளிந்தது.

“போகயிலயும் வரயிலயும் சுகம். அதான் எழுதியிருக்கு. அங்க வண்டிக்காரங்க கண்ணாடியில தொங்கவிடுவாங்க. இங்கன மிஷின் மாட்ட லியாங்னு ஒருத்தன் வந்தான்ல, அவன் பையிலயும் இந்த மாதிரி ஒண்ணு தொங்கும்.”

பாண்டிச்செல்வம் காசைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். அப்படியானால் முதலாளி சொன்னதுபோல் அதிர்ஷ்டக் காசுதானே, பேன்சி ஸ்டோரில் வாங்கியதாக இருக்கலாம்தானே என்று கேட்டான். ஜெயச்சந்திரன் தலையை ஆட்டினான். கடையில் விற்பது பழைய ராஜா காலத்துக் காசு மாதிரி செய்தது, அதில் ராஜா பேர்தான் இருக்கும், தன் வீட்டிலேயே மூன்று கிடக்கிறது என்றான். பிறகு காசைப் புரட்டினான். பின்பக்கம் விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்துகள் இருந்தன. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்து போயிருந்தன. கேமராவுக்கு அவை தெரியவில்லை.

ஜெயச்சந்திரன் தரையில் கிடந்த காலண்டர் கழிவுத் தாள் ஒன்றை எடுத்து, காசின் மேல் வைத்து அழுத்தி, பென்சிலைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தான். கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. எட்டு எழுத்து. செல்போனைக் காட்டினான்.

‘பச்சை அமில உப்புத் தொழிற்சாலை’ என்று வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சை உப்பு என்றால் ஆலைகளில், பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பேரியத்துக்குப் பேர். கோர்ட் தடை போட்டது. தெரிந்தால் ஆலையை மூடிவிடுவார்கள். ஆனால் கலக்கும்போதே ஆளைக் கொல்கிற சரக்கு இல்லை. முதலாளியிடம் சொல்லி மூட்டைகளை ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். பாண்டிச்செல்வம் வண்டிச் சாவியை எடுத்தான்.

“இருடா,” என்றான் ஜெயச்சந்திரன். “இது பாதி நேரம் தப்பாத்தான் சொல்லும். பச்சைங்கிற எழுத்து எனக்குத் தெரியும். மிஷின்ல பச்சை பட்டன்ல அதான் இருக்கு. இது அது மாதிரி இருக்கு, ஆனா அது இல்ல.”

தேய்த்த தாளைப் படம் எடுத்து லியாங்குக்கு அனுப்பினான். அங்கே மத்தியானம் ஆகியிருக்கும், சாப்பிடப் போயிருப்பான், பார்த்தவுடன் பதில் போடுவான் என்றான். மணி ஒன்பதே முக்கால்.

பக்கத்தில் அடுத்த வருஷத்துக் காலண்டர்கள் கட்டுக்கட்டாக வெட்டுப்பட்டு விழுந்துகொண்டிருந்தன. பாண்டிச்செல்வம் உட்காரவில்லை. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதலாளிக்குப் போன் செய்து இன்னும் அரை மணி நேரம் கேட்டான். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, வந்து பேசு என்று சொல்லித் தனுஷ்கோடி போனை வைத்துவிட்டார். சாவி தன்னிடம் இருக்கிறது என்று பாண்டிச்செல்வம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்போதுதான் முதலாளியின் மேஜையில் எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி இருப்பது அவன் நினைவுக்கு வந்தது.

பத்து இருபதுக்கு ஜெயச்சந்திரனின் போன் அதிர்ந்தது. லியாங் உடைந்த இங்கிலீஷில் நாலைந்து வரி எழுதியிருந்தான். ஜெயச்சந்திரன் ஒருமுறை மனதுக்குள் படித்தான். பிறகு சத்தமாகச் சொன்னான்.

“பச்சை இல்லையாம். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்குமாம். இது குளோரேட். தீக்குச்சி மருந்துல போடுற உப்பு. அதச் செய்ற ஆலையில வேலக்காரங்களுக்குப் பாதுகாப்பு மாசத்துல இந்தக் காசு குடுப்பாங்களாம். உனக்கு எப்படிக் கெடச்சதுன்னு கேக்கான்.”

தீப்பெட்டி ஆலைகளில் அந்த உப்பு தினமும் புழங்குகிறது. ஆனால் பட்டாசில் கந்தகத்தோடு அது சேரக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேர்ந்தால் நெருப்பு தேவையில்லை, கை உரசினாலே போதும். ஒச்சப்பன் கையால்தான் கலப்பார். காலையிலேயே அவர் நிறுத்து வைத்த கந்தகம் அந்த அறையில் இருக்கிறது.

பாண்டிச்செல்வம் ஆபீஸுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. முதலாளிக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். கலவை அறைப் பக்கம் போகிறவர்கள் போனை ஆபீஸில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த ஒழுங்கை அந்த ஆலையில் கொண்டுவந்தவனே அவன்தான். ஜெயச்சந்திரனிடம் நீ அடித்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

போகும் வழியெல்லாம் அவன் ரோட்டைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தான். பாதி தூரத்தில், வலது பக்கம் கருவேலங்காட்டுக்கு மேலே சாம்பல் நிறத்தில் புகை எழுந்து நின்றது. வண்டி அவனை அறியாமல் ரோட்டோரத்து மண்ணில் இறங்கித் தடுமாறியது. நிறுத்தினான். காது கொடுத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. புகை கொப்பளிக்காமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ விறகை அடுக்கி மண் பூசிக் கரி மூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. மறுபடி வண்டியைக் கிளப்ப இரண்டு மூன்று உதை வேண்டியிருந்தது.

ஆலை கேட்டுக்குள் நுழைந்தபோது வேப்பமரத்தடியில் பெண்கள் எல்லோரும் கூட்டமாக நின்றிருந்தார்கள். கலவை அறையின் கதவு திறந்திருந்தது. ஓடினான்.

அறைக்கு முன்னால் முழுக்கச் சேறு. ஒச்சப்பன் கொஞ்சம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார். தனுஷ்கோடி இடுப்பில் கைவைத்து நின்றார். வாசலில் அழகுமீனா, சேலை நனைந்து உடம்போடு ஒட்ட, கையில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பத்து மூட்டையும் ஈரத்தில் ஊறி, அடியில் வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தன.

நடந்ததைத் தனுஷ்கோடிதான் சொன்னார். பத்தே காலுக்கு மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து, மூட்டைகளை உள்ளே கொண்டுவரச் செய்து, ஒச்சப்பனைத் தொடங்கச் சொன்னார். அழகுமீனா குறுக்கே நின்று போர்மேன் வரட்டும் என்றாளாம். அவர் விலகச் சொன்னாராம். அவள் விலகி, அறை வாசலில் தீத்தடுப்புக்கு வைத்திருந்த தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு மூட்டைகளின் மேல் ஊற்றிவிட்டாளாம். தடுக்கப் போன அவர் மேலேயும் ஒரு வாளி விழுந்ததாம்.

“பத்து மூடையும் போச்சு. இவ சம்பளத்துல கழிக்கவா, உன் சம்பளத்துல கழிக்கவா?”

கந்தகம் தனியாகத்தான் இருக்கிறதா, அலுமினியப் பொடி நனையவில்லையா என்று பாண்டிச்செல்வம் முதலில் பார்த்தான். இரண்டும் மூலையில் மூடியபடி இருந்தன. வெளியே வந்து, பென்சில் தேய்த்த தாளை விரித்துக் காட்டினான்.

“குளோரேட் அண்ணாச்சி. அதச் செய்ற ஆலைக் காசு இது.”

தனுஷ்கோடி தாளை வாங்கவில்லை. கந்தகத் தட்டு இருந்த மூலையைப் பார்த்தார். பிறகு ஒச்சப்பனைப் பார்த்தார். வாளியோடு நின்ற அழகுமீனாவை மட்டும் அவர் பார்க்கவில்லை. அப்படியே நடந்துபோய்க் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். கால்கள் வெளியே தரையில் இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, ஈரம் காயவைத்துப் புரோக்கரிடமே திருப்பி அனுப்பிவிடலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். பாண்டிச்செல்வம் முடியாது என்றான்.

“திருப்பி அனுப்புனா அவன் இன்னொரு கம்பெனிக்குக் குடுப்பான். அங்கன எவ சலிப்பாளோ.”

அதைக் கேட்டதும் தனுஷ்கோடி காரிலிருந்து எழுந்தார். அதே வண்டியில் மொத்தம் முப்பது மூட்டை வந்ததாகவும், மீதி இருபதும் அவருடைய மைத்துனர் மகேஷ்குமாரின் ஆலைக்குப் போனதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே ஆபீஸுக்கு ஓடினார். அறுபது வயது மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை அந்தப் பெண்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. போனில் முதல் இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்கள். மைத்துனர் ஆலையில் அன்று பழைய சரக்கைத்தான் எடுத்திருந்தார்கள். புது மூட்டைகள் குடோனில் தைத்தபடியே கிடந்தன. தனுஷ்கோடி போனை வைத்துவிட்டு, பின்னாலேயே ஓடிவந்த கணக்குப்பிள்ளை கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னது பாண்டிச்செல்வம். சொல்லப்போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் சொன்னான். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து இரண்டு ஆலையிலும் மூட்டைகளுக்குச் சீல் வைத்தார்கள். காசையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். லேப் பதில் வந்தபோது லியாங் சொன்னதுதான் சரியாக இருந்தது. புரோக்கரின் போன் அன்றோடு அணைந்துபோனது.

ஆலைக்குப் பதினெட்டு நாள் பூட்டு. சீசனில் பதினெட்டு நாள் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க வைத்திருந்த கணக்கெல்லாம் புரண்டது. குழாயடியில் சிலர் அழகுமீனாவோடு பேசாமல் இருந்தார்கள். ஊற்றினவள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், போர்மேன்தான் வந்துவிட்டாரே என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். பாண்டிச்செல்வம் சிவகாசியிலிருந்து வந்து சேர்ந்த நேரத்தையும், முதலாளி அறையைத் திறந்த நேரத்தையும் அவர்கள் யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. அழகுமீனாவும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள்.

ஒச்சப்பன் அந்த நாட்களில் விறகு வெட்டப் போனார். ஆலை திறந்த முதல் நாள், வேன் வருவதற்காக எல்லோரும் ரோட்டோரத்தில் நின்றபோது, அவர் அழகுமீனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

“ஏத்தா, அன்னைக்கி அது என்ன உப்புன்னு ஒனக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“தெரியாமலா ஊத்துன?”

“போர்மேன் அண்ணன் தொட விடாதன்னு சொல்லிட்டுப் போச்சு. மொதலாளி கேக்கல. வேற என்ன செய்ய?”

ஒச்சப்பன் ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் வேனின் விளக்கு தெரிந்தது.

“நல்ல உப்பா இருந்திருந்தா?”

“வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாக,” என்றாள் அவள். “வேற கம்பெனி வேனும் நம்ம ஊருக்கு வருதுல்ல.”

வேன் வந்து நின்றது. ஒச்சப்பன் எப்போதும் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்காருகிறவர். அன்று ஒதுங்கி நின்று, அவளை முதலில் ஏறச் சொன்னார்.